முன்னாள் பாரா வீரர்கள் கொரியாவுக்கு நல்லெண்ணப் பயணம் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்

ராணுவத்தின் பாரா பிரிவிலிருந்து, அதாவது பாராசூட்டில் குதிக்கும் படையிலிருந்து, ஓய்வு பெற்ற நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: வெளிநாட்டு பாரா யூனிட் ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும், முடிந்தால் அவர்களோடு ஒரு ஜம்ப் போட வேண்டும், அவர்களுடைய விங்ஸை, அதாவது பாராசூட் வீரருக்கான இறக்கைச் சின்னத்தை, வாங்கி பிளேசரில் குத்திக்கொள்ள வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் பல குழுக்கள் விமான டிக்கெட்டில் ஆரம்பிக்கின்றன, அப்புறம்தான் அங்கே போய் என்ன செய்வது என்று யோசிக்கின்றன. கடைசியில் நாலு போட்டோ, ஒரு விருந்து, ஒரு கேடயம், அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. முதலில் தேட வேண்டியது, அந்த நாட்டுக்கும் உங்கள் படைக்கும் நடுவில் உண்மையாகவே நடந்த ஒன்று. அது கிடைத்துவிட்டால் எந்த ஊருக்குப் போவது, எந்தத் தேதியில் போவது, யாரைப் பார்ப்பது, என்ன எடுத்துப்போவது எல்லாம் தானாகத் தெளிவாகும்.

இந்திய பாரா வீரர்களைப் பொறுத்தவரை தென் கொரியாவைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த 1950 நவம்பரில் நம்முடைய 60 பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் (சுருக்கமாக 60 பாரா) என்ற ராணுவ மருத்துவ யூனிட் அங்கே போய்ச் சேர்ந்தது. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த இந்த டாக்டர், பாராசூட்டில் முதன்முதலாகக் குதித்த இந்தியர்கள் இருவரில் ஒருவர். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். அந்த டிசம்பரில் சீனப் படைகள் இறங்கி ஐ.நா. படைகள் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கியபோது நம்மவர்களிடம் போதுமான வண்டிகள் இல்லை. மருந்தையும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளையும் விட்டுவிட்டு வர மனம் வராமல், பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து, வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, ரயில் ஓட்டத் தெரிந்த ஜவான்களை எஞ்சினில் ஏற்றி, பாலங்கள் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள். பிறகு 1951 மார்ச் 23 அன்று மூன்சான்னியில் (மூன்சான் என்றும் சொல்வார்கள்) அமெரிக்காவின் 187-வது வான்வழிப் படை குதித்தபோது, ரங்கராஜ் தலைமையில் பன்னிரண்டு இந்தியர்களும் கூடக் குதித்தார்கள். கொரியப் போரில் மொத்தமே இரண்டு பெரிய பாராசூட் தாக்குதல்கள்தான் நடந்தன, இது இரண்டாவது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது.

இந்தக் கதையைக் குழுவில் ஒவ்வொருவரும் மனப்பாடமாகத் தெரிந்துகொண்டுதான் விமானம் ஏற வேண்டும். ஏனென்றால் அங்கே இருக்கும் இளம் சிப்பாய்க்கு இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். போருக்குப் படையோ மருத்துவக் குழுவோ அனுப்பிய நாடுகள் என்று கொரியர்கள் 22 நாடுகளைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பதினாறு நாடுகள் போரிட, ஆறு நாடுகள் மருத்துவம் பார்த்தன, இந்தியா அந்த ஆறில் ஒன்று. நம்மவர்கள் ஒரு பகுதி முன்னணியில் 27-வது காமன்வெல்த் பிரிகேடோடு இருந்தார்கள், இன்னொரு பகுதி தேகூ நகரில் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. கொரியாவில் எண்பது வயதுக்காரர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1953-ல் போர் நிறுத்தம் வந்ததும் போர்க்கைதிகளைப் பார்த்துக்கொள்ள மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியக் காவல் படை போனது. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ அவர்களைத் தன் மண்ணில் கால் வைக்க விடவில்லை. அதனால் இன்சியோன் கடலில் நின்ற கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி நேரே இரு கொரியாக்களுக்கும் நடுவில் உள்ள படைவிலக்குப் பகுதியில்தான் இறக்கினார்கள். எந்தப் பக்கமும் திரும்பிப் போக விரும்பாத 88 கைதிகள் அந்தப் படையோடு இந்தியாவுக்கே வந்தார்கள், 1954 பிப்ரவரியில் அவர்கள் வந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். இதை மேடையில் எடுத்துப் பேச வேண்டாம். ஆனால் அங்கே யாராவது வயதானவர், அன்றைக்கு இந்தியா யார் பக்கம் இருந்தது என்று கேட்டால் முழிக்கக் கூடாது. முழுக் கதையும் தெரிந்தவர் நிதானமாக இரண்டு வரியில் பதில் சொல்வார், தெரியாதவர் கோபப்படுவார்.

சரி, எப்போது போவது? மூன்சான் குதிப்பின் நினைவு நாளான மார்ச் 23-ஐ மையமாக வைத்தால் காரணம் தானாகவே நிற்கும். காலையில் நல்ல குளிர் இருக்கும், வேட்டி சட்டையில் வளர்ந்த நம் உடம்புக்கு இரண்டு அடுக்கு உல்லன் கண்டிப்பாக வேண்டும். போர் நிறுத்த நாளான ஜூலை 27-ல் விழாக்கள் பெரிதாக நடக்கும், ஆனால் அது மழையும் புழுக்கமும் சேர்ந்த காலம், அதோடு எல்லா நாட்டுக்காரர்களும் வந்திருப்பார்கள், உங்களுக்கென்று யாரும் நேரம் ஒதுக்க முடியாது. நவம்பர் 11 நல்ல தேர்வு. அன்று காலை 11 மணிக்கு புசானில் இருக்கும் ஐ.நா. நினைவுக் கல்லறையை நோக்கி ஒரு நிமிடம் அமைதியாக நிற்பது 2007 முதல் வழக்கமாகியிருக்கிறது. வெயிலும் இதமாக இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் நவம்பரைத்தான் சொல்வேன்.

அனுமதி விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். எந்த ராணுவமும் ஓய்வுபெற்ற வெளிநாட்டு வீரர்களை, எங்களுக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் முகாமுக்குள் விட்டுவிடாது. வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒரு கொரிய மேஜரை நம்பி மட்டும் போகாதீர்கள், அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். முறையான வழி இப்படி: உங்கள் ரெஜிமென்ட் சங்கத்தின் கடிதம், டெல்லியில் ராணுவத் தலைமையகத்தின் முன்னாள் படைவீரர் இயக்குநரகத்துக்கு ஒரு தகவல், அங்கிருந்து சியோலில் உள்ள நம் தூதரகத்தின் டிஃபென்ஸ் அட்டாஷே (ராணுவ விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி) அலுவலகத்துக்கு. அங்கிருந்துதான் கோரிக்கை கொரிய ராணுவத்துக்குப் போக வேண்டும். கேட்கும்போது முகாமைச் சுற்றிக் காட்டுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் பதிலே வராமல் போகலாம். மூன்சானில் மலர்வளையம் வைக்க விரும்புகிறோம், அதற்குப் பிறகு உங்கள் பாரா வீரர்களோடு இரண்டு மணி நேரம் பேச விரும்புகிறோம் என்று இரண்டே விஷயம் கேளுங்கள். குறைந்தது ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள்.

கொரிய அரசே நடத்தும் வருகைத் திட்டம் ஒன்று 1975 முதல் இருக்கிறது. போரில் பங்கெடுத்த வீரர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் அழைத்து, அங்கே தங்கும் செலவை ஏற்றுக்கொள்வார்கள். 1950-ல் இருபது வயதில் போனவர் இன்று தொண்ணூற்றைந்தைத் தாண்டியிருப்பார், அதனால் இப்போது அந்த வழியில் போகக்கூடியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் எதிலாவது தாத்தா 60 பாராவில் கொரியா போனவர் என்றால், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் குழுவோடு வந்தால், உங்கள் எல்லோருடைய மெடல்களையும்விட அது கனமானது.

எத்தனை பேர்? என்னைக் கேட்டால் பன்னிரண்டு. மூன்சானில் குதித்த எண் அது. ஒரே மினி பஸ்ஸில் ஏறலாம், ஒரே மேஜையில் உட்காரலாம், பட்டியலைச் சரிபார்ப்பதும் சுலபம். இந்தப் பட்டியலைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் பெயர், பென்ஷன் ஆணையில் இருக்கும் பெயர் மூன்றும் நம் ஊரில் ஒன்றாக இருப்பது அபூர்வம், அப்பா பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், இனிஷியலாகவே நின்றுவிடும். பிறந்த தேதியும் அப்படியே, பட்டாளத்தில் சேர எழுதியது ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. நான் துணைக்குப் போயிருந்த ஒரு பயணத்தில் ஒரு சுபேதார் சாப், பிறந்த தேதியில் ஒரு எண் மாறியதால் முகாம் வாசலிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த டீ யாருக்கும் இறங்கவில்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து, வேறு எதையும் பார்க்காமல், பட்டியல் தயார் செய்யுங்கள். நமக்குக் கொரியா போக விசா வேண்டும், சென்னையிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

பதவி வரிசை பற்றி ஒரு வார்த்தை. கொரியர்கள் வயதுக்கும் பதவிக்கும் மிகுந்த மரியாதை கொடுப்பவர்கள், உட்காரும் இடம் முதல் கை குலுக்கும் வரிசை வரை அதில் அடங்கும். அதனால் கர்னல் ஒருவரும் ஹவில்தார் ஒருவரும் குழுவில் இருந்தால் ஹவில்தார் கடைசி மேஜைக்குப் போய்விடுவார். விமானக் கதவில் எல்லா ராங்கும் ஒரே வரிசையில் நின்று குதிக்கச் சொல்லும் ஒரே பச்சை விளக்கைப் பார்த்தவர்கள்தானே நாம். ஆகவே முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்: குழுத் தலைவர் இவர், ஆனால் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார விரும்புகிறோம், மலர்வளையத்தை ஓர் அதிகாரியும் ஒரு ஜவானும் சேர்ந்து வைப்பார்கள். இதை அன்றைக்கு வாயால் சொன்னால் குழப்பம் வரும், மாதம் முன்னால் எழுதினால் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

இப்போது எல்லோரும் கேட்கும் ஜம்ப். நேர்மையாகச் சொல்கிறேன், முதல் பயணத்தில் அதைக் கோரிக்கையிலேயே சேர்க்காதீர்கள். அவர்களாக அழைத்தால் வேறு விஷயம். அப்படி அழைத்தாலும், ஆக்ராவில் ஐந்து ஜம்ப் முடித்து விங்ஸ் வாங்கிய இருபத்திரண்டு வயது உடம்பு இப்போது இல்லை. வட்டப் பாராசூட்டில் ஸ்டாடிக் லைன் ஜம்ப் (விமானத்தோடு கட்டிய கயிறு பாராசூட்டைத் தானாகத் திறந்துவிடும் முறை) என்றால் தரை வேகமாகவே வந்து மோதும், பாதம், முழங்கால், இடுப்பு என்று உருண்டு விழும் பயிற்சி பல ஆண்டாக இல்லாதவர்களுக்கு முதலில் போவது கணுக்கால். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை ஆனவர் தரையில் நின்று கை தட்டட்டும், அதில் குறைவே இல்லை. சாதாரணப் பயணக் காப்பீடு பாராசூட் ஜம்ப்புக்குப் பொதுவாகப் பணம் தராது, தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அவர்களுடைய கருவி, அவர்களுடைய ஜம்ப் மாஸ்டர் (விமானத்தில் குதிப்பை நடத்துபவர்), அவர்களுடைய கட்டளைகள், இந்த மூன்றுக்கும் குறைந்தது ஒரு முழு நாள் தரைப் பயிற்சி இல்லாமல் யாரும் விமானத்தில் ஏறக் கூடாது. கட்டளை வேறு மொழியில் வரும், கைச்சாடையைப் பார்த்துப் பழகுங்கள்.

ஆசை அடங்கவில்லை என்றால் டேன்டம் இருக்கிறது, பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பது. 2019-ல் அமெரிக்காவின் டாம் ரைஸ் தன் 97-வது வயதில் நார்மண்டியில் அப்படித்தான் குதித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் சாண்டி கோர்ட்மன், அவருக்கும் 97, நெதர்லாந்தில் ஜின்கல் புல்வெளியில் இறங்கினார். இருவரும் 1944-ல் போரில் குதித்தவர்கள். அவர்களுக்கு டேன்டம் கௌரவக் குறைவாகத் தெரியவில்லை, நமக்கு ஏன் தெரிய வேண்டும்? (ஜின்கலில் 1944-ல் குதித்த பிரிட்டிஷ் பட்டாலியன்களில் 156-வது, டெல்லியில் நம் 50-வது பாரா பிரிகேடோடு சேர்ந்து உருவானது. கொரியா பயணம் நன்றாக முடிந்தால் அடுத்தது அங்கே போகலாம்.) விங்ஸ் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள், பிளேசரில் நம் விங்ஸுக்கு மேலே மட்டும் குத்தாதீர்கள்.

பெட்டியில் என்ன வைப்பது? மெரூன் பெரே (பாரா வீரர்களின் தொப்பி), ரெஜிமென்ட் டை, பிளேசர், மெடல்கள், இவை கைப்பையில் இருக்கட்டும், ஏற்றிவிடும் பெட்டியில் வேண்டாம், தொலைந்தால் விழாவில் வெறும் சட்டையோடு நிற்க வேண்டியிருக்கும். தினமும் சாப்பிடும் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கான மாத்திரைகள் கொரியாவில் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே விசாரணை. பரிசாகக் குக்ரியோ கத்தியோ வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் சிக்கல் ஒரு பக்கம், கொரியர்களுக்குக் கத்தி கொடுப்பது உறவை வெட்டுவது போல. நான்கு என்ற எண்ணும் அவர்களுக்கு மரணத்தை நினைவூட்டும், எதையும் நான்காகக் கொடுக்காதீர்கள். உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது, விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது நினைவிருக்கட்டும். என் யோசனை, 60 பாராவின் பழைய படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு, அடியில் கொரிய மொழியில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு வரியை மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அச்சிடாமல் கொரிய மொழி படித்த ஒருவரிடம் காட்டுங்கள்.

நினைவிடத்தில் எப்படி நிற்பது என்பதற்கு முந்தின நாள் ஹோட்டல் கூடத்திலாவது ஒரு ஒத்திகை பாருங்கள். பெரே அணிந்திருந்தால் சல்யூட், இல்லாவிட்டால் நேராக நிற்பது, இதில் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சியோல் தேசியக் கல்லறையில் சாம்பிராணித் தூள் போடும் வழக்கம் உண்டு, மூன்று முறை சிட்டிகை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து நிற்க வேண்டும், முன்னால் செய்பவரைக் கவனித்துச் செய்யுங்கள். மலர்வளையத்தை அங்கேயே சொல்லி வையுங்கள், நாடாவில் உங்கள் சங்கத்தின் பெயரை எழுத்துக்கூட்டி அனுப்புங்கள்.

மூன்சானுக்குச் சியோலிலிருந்து நகர ரயிலிலேயே போய்விடலாம். குழு பஸ் இருந்தாலும் ஒரு தடவை ரயிலில் போங்கள். அதற்குச் சற்று வடக்கே இம்ஜின்காக் பூங்காவில், 1950 டிசம்பர் கடைசியில் ஜாங்தான் நிலையத்தில் நின்றுபோன ஒரு நீராவி எஞ்சினைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் துருவும் ஆயிரத்துக்கு மேல் குண்டு துளைகளும். நம்மவர்கள் ஓட்டி வந்தது அது இல்லை. ஆனால் அதே மாதம், அதே போர், அதுபோல ஒரு நீராவி எஞ்சினில்தான் அவர்கள் மருந்துப் பெட்டிகளோடு தப்பி வந்தார்கள். வாளிகளில் தண்ணீர் மாற்றிய கதையைச் சொல்ல அந்த எஞ்சினைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கொரிய வீரர்கள் உங்களோடு வந்திருந்தால் அங்கே நிறுத்திச் சொல்லுங்கள்.

அவர்களோடு பேசும் அந்த இரண்டு மணி நேரம்தான் பயணத்தின் உயிர். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் கட்டாய ராணுவ சேவையில் பதினெட்டு மாதம் இருக்கும் இருபது வயதுப் பையன்களாக இருக்கலாம், சிறப்புப் படையின் கறுப்பு பெரே அணிந்த தேர்ந்த வீரர்களாகவும் இருக்கலாம். இரண்டு வகையினருக்கும் சொற்பொழிவு வேண்டாம். உங்கள் முதல் ஜம்ப்பில் கதவருகே என்ன நினைத்தீர்கள் என்று சொல்லுங்கள், உடனே அவர்களுடையதைக் கேளுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், மொழிபெயர்ப்பவர் மூச்சு விடட்டும். ராணுவத்தில் இருந்த கொரியர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வட கொரியா, எல்லை, ஆயுதங்கள், முகாமின் பலம் இவற்றைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள், கேட்காமல் படமும் எடுக்காதீர்கள். 60 பாரா இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லுங்கள்: 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்தின்போது இஸ்கெண்டரூனில் கள மருத்துவமனை அமைத்தது அதே யூனிட்தான். அவர்களில் ஒருவராவது அன்று இரவு இதைத் தேடிப் படிப்பார்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிம்ச்சி வெறும் காய்தானே என்று நினைத்து எடுப்பார்கள், பெரும்பாலும் அதில் மீன் சாறோ இறாலோ சேர்ந்திருக்கும். குடிப்பவர்களுக்கு ஒன்று: இளையவர் மூத்தவருக்கு இரண்டு கையால் ஊற்றுவது மரியாதை, தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது இல்லை. குடிக்காதவர் கோப்பையை உயர்த்தி உதட்டில் தொட்டு வைத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாதத்தில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குச் செய்வது. கம்சாஹம்னிதா என்ற ஒரு சொல்லையாவது சரியாகச் சொல்லப் பழகுங்கள், நன்றி என்று பொருள். கொரியக் குழந்தை அப்பாவை அப்பா என்றே கூப்பிடுவதைக் கேட்டு உங்களில் யாராவது திரும்பிப் பார்ப்பீர்கள், அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம்.

ஊர் திரும்பியதும் அசந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் நன்றிக் கடிதம், டிஃபென்ஸ் அட்டாஷே வழியாகவே. எடுத்த படங்களில் அந்த இளம் வீரர்கள் இருப்பவற்றை அவர்களுடைய அதிகாரி அனுமதித்தால் மட்டும் அச்சிட்டு அனுப்புங்கள். நினைவு மழுங்கும் முன் யார் என்ன சொன்னார்கள் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் கையாலேயே எழுதி, ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒரு பிரதி 60 பாராவுக்கு. அப்புறம் அவர்களை இங்கே அழையுங்கள். ஆக்ராவில் நம் பையன்கள் குதித்து இறங்கும் மைதானமான மால்புரா டிராப் ஸோனை வெளியே நின்றாவது அவர்களுக்குக் காட்ட என்ன அனுமதி வேண்டும் என்று விசாரிப்பதை அந்த வாரமே தொடங்கிவிடுங்கள், அதற்கும் ஆறு மாதம் ஆகும்.